அடுப்படியில் நின்றவள்

காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தில்லைநாயகியின் முன்னால் ஓர் ஆள் வந்து நின்றார். நல்ல சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் துணிப்பை. பார்த்தால் சண்டைக்காரராகத் தெரியவில்லை. 

“எங்க வீட்டுக்குள்ள எப்படிம்மா வந்தீங்க?” என்று கேட்டார்.

“யாரு சார் நீங்க? உங்க வீடு எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதே.”

“தெரியாதா? எங்க அடுப்படியில நின்னீங்களே! முதுகைக் காட்டிக்கிட்டு, அடுப்பையே பார்த்துக்கிட்டு. யாருன்னு கேட்டேன். மெதுவா திரும்பினீங்க...” அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடி மறைந்தார். தக்காளி நாலு பக்கமும் உருண்டது.

கடைக்காரப் பெண் ஒரு தட்டால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு சொன்னாள்: “அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்கும் நீங்க வந்திருக்கீங்க. காயை எடுத்துட்டுப் போயிடுங்க, காசுகூட வேண்டாம்.”

தில்லைநாயகிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுகிற பிறவி அவள். ஆட்டோவுக்கு நடந்து போகும்போதுதான் சிரிப்பு நின்றது. அவளைப் பார்த்த மூன்றாவது ஆட்டோக்காரரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவள் நடிகை இல்லை. உறையூரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். தெருவில் நடந்தால் ஆண்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம். பெரிய கண்கள். வாய் ஓயாத பேச்சு. அவளிடம் வண்டி கற்ற ஒரு பெண்ணின் அண்ணன் சினிமா இயக்குநர். ‘அடுப்படி’ என்று ஒரு பேய்ப்படம் எடுத்தார். “நீங்க வசனமே பேச வேண்டாம் மேடம். முதுகைக் காட்டி நில்லுங்க, மெதுவா திரும்புங்க, அது போதும்” என்றார். பேசாமல் இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான நடிப்பு என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஒவ்வொரு டேக் முடிந்ததும் மூச்சு முட்டினவள் மாதிரி கேமராக்காரரிடமும் லைட்மேனிடமும் ஓடி ஓடிப் பேசுவாள்.

படம் ஓடியதற்கு அவள் கண்கள் பாதிக் காரணம். மீதிப் பாதி, தியேட்டரில் தலையில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த பட்டை. மெத்தென்று, தலைவலிக்குக் கட்டுகிற துணி மாதிரி இருக்கும். அதைக் கட்டிக்கொண்டு பார்த்தால் திரையில் இருக்கும் அடுப்படி போய், பார்க்கிறவருடைய சொந்த வீட்டு அடுப்படி வந்துவிடும். அங்கே தில்லைநாயகி நிற்பாள். திரும்புவாள். ஜனம் அலறிக்கொண்டே அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தது.

பிறகுதான் வினை தொடங்கியது. பார்த்தவர்களுக்கு அது படம் என்பது மறந்துபோயிற்று. நிஜமாகவே தங்கள் வீட்டில் நடந்தது என்று மனதில் நின்றுவிட்டது.

கார் கற்க வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். “கியரை மாத்தும்மா” என்று சொல்ல அவள் திரும்பினாலே ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டால் யார்தான் என்ன செய்வது? வெளியில் நடந்ததையெல்லாம் அவள் ஒருவாறு தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது.

அவள் கணவர் வேதமூர்த்தி பாலக்கரையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பெண்டாட்டி நடித்த படம் என்று கடை ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய்ப் பெருமையாகப் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். இப்போது அவள் சமைக்கும்போது அடுப்படி வாசலோடு நின்றுவிடுகிறார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

“நாயகி, நீதானே?”

“நான் இல்லாம பின்னே யாரு, உங்க சின்ன வீடா?”

“அப்படியே பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே.”

அவள் பேசுவாள். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, தண்ணீர் லாரி வராதது, அவளுடைய தங்கை புதுச் சேலையில் மோர் கொட்டியது. பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவருக்கு அவள் முதுகுதானே தெரியும்.

படத்தைத் தியேட்டர்களிலிருந்து எடுத்த வாரத்தில் ஒரு பகல் வேளையில் டாக்டர் நஸ்ரின் வந்தாள். தலையில் முக்காடு, முப்பதை ஒட்டிய வயது, கையில் அல்வாப் பொட்டலம். துக்கம் கேட்க வந்தவள் மாதிரி வாசலிலேயே தயங்கி நின்றாள்.

“அந்தப் பட்டையை நான்தான் மேடம் செஞ்சேன்” என்றாள். “முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு வந்தேன்.”

“உள்ள வாங்க டாக்டர். என்னைப் பார்த்து ஓடாம வந்து நிக்கிறீங்களே, அதுவே பெரிசு.”

“நான் படத்தைப் பட்டை இல்லாமத்தான் பார்த்தேன். செஞ்சவளே கட்டிக்கல.” சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “கனவு மாதிரி, தியேட்டர் வாசலைத் தாண்டினதும் கலைஞ்சு போயிடும்னு நம்பினோம். மத்த காட்சியெல்லாம் அப்படித்தான் கலைஞ்சுது. அடுப்படி மட்டும் ஒட்டிக்கிச்சு.”

“அது மட்டும் ஏன்?” என்று கேட்டார், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த வேதமூர்த்தி.

“அந்த அடுப்படி நாங்க எடுத்தது இல்ல சார். உங்க மனசுலேர்ந்து வந்தது. உங்க வீட்டு டைல்ஸ், உங்க வீட்டுத் தாளிப்பு வாசனை. எங்களோடது அதுல நிக்கிற மேடம் மட்டும்தான். ரெண்டும் சேர்ந்ததும் மூளைக்குச் சந்தேகமே வரல.”

“அழிக்க முடியாதா?”

“முடியும். பட்டை செஞ்ச எங்க கம்பெனியே ஏற்பாடு பண்ணிட்டு இருக்கு. திரும்ப ஒருதடவை பட்டையைக் கட்டிக்கிட்டு உட்காரணும்.” நஸ்ரின் அல்வாப் பொட்டலத்தின் நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “ஆனா சுவத்துல ஒட்டின போஸ்டரைக் கிழிச்சா சுண்ணாம்பும் சேர்ந்துதானே வரும்? ஒருத்தருக்குச் செஞ்சு பார்த்தோம். பயம் சுத்தமாப் போயிடுச்சு. அவங்கம்மா கையால சாப்பிட்டதும் போயிடுச்சு. அம்மா முகம் தெரியுது. அவங்க சமைச்சது ஒண்ணுகூட ஞாபகம் இல்ல, ருசிகூட.”

வேதமூர்த்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பாமலே பேசினார்.

“கல்யாணமான புதுசுல எங்களுக்கு ஒரே ரூம். மண்ணெண்ணெய் ஸ்டவ். அதைப் பத்தவைக்க ரெண்டு பேருக்குமே தெரியாது. பம்ப் அடிச்சு அடிச்சு, குப்புன்னு பிடிச்சு, ரெண்டு பேரு மூஞ்சியும் கரி. இவ என்னைப் பார்த்துச் சிரிக்கிறா, நான் இவளைப் பார்த்துச் சிரிக்கிறேன். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடு வெறும் வாழைப்பழம். அது போயிடும்னா எனக்கு வேண்டாம்மா. நான் வாசல்லயே நின்னு சாப்பிட்டுக்கிறேன்.”

தில்லைநாயகி சட்டென்று எழுந்தாள். “டீ போட்டு எடுத்துட்டு வரேன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். போன வேகத்தில் பேச்சும் தொடங்கியது. டீத்தூளில் இப்போதெல்லாம் என்ன கலக்கிறார்கள், அல்வாவை யாராவது டீயோடு சாப்பிடுவார்களா, டாக்டருக்குச் சர்க்கரை எவ்வளவு. வேதமூர்த்தி பேச்சைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை போனார். ஒரு காலை உள்ளே வைத்தார். அந்த நேரம் பார்த்து அவள் டீயை ருசி பார்க்கக் கரண்டியை வாயில் வைத்தாள். பேச்சு நின்றது. வேதமூர்த்தி வைத்த காலை வெளியே இழுத்துக்கொண்டார்.

“அக்கா, பேசுங்க! நிறுத்தாதீங்க!” என்று கத்தினாள் நஸ்ரின்.

“சூடும்மா, நாக்கு பொத்துப்போச்சு!” என்றாள் தில்லைநாயகி. வேதமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார்.

நஸ்ரினின் கண்கள் அகன்றிருந்தன. வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் உடம்பு நிமிர்ந்தது.

“அக்கா, ஒரு ஞாபகத்தை நாம நினைக்கிறப்போ அது ஈரக் களிமண் மாதிரி இளகிடும். கொஞ்ச நேரத்துக்குத்தான். அப்புறம் மறுபடி இறுகிடும். இளகியிருக்கிற நேரத்துல மேல எது பட்டாலும் அதையும் சேர்த்துக்கிட்டுத்தான் இறுகும். எதையும் கிழிக்க வேண்டாம். சேர்த்தா போதும்!”

“எதைச் சேர்க்கறது?”

“உங்களைத்தான். படத்துல நின்னது நீங்க இல்ல. நீங்க இப்படியா இருப்பீங்க, வாயை மூடிக்கிட்டு? நிஜமான உங்களைக் கொண்டுபோய் அங்க நிறுத்தணும். சார் வாசல்ல நின்னு அந்தக் காட்சியை நல்லா நினைச்சுக்கட்டும். நீங்க படத்துல நின்ன மாதிரியே நில்லுங்க. திரும்புங்க. திரும்பினதும் வாய்க்கு வந்ததைப் பேசுங்க.”

“டாக்டர், வாய்க்கு வந்ததைப் பேசறதுக்கு எனக்குக் கத்துக்குடுக்கணுமா?”

அன்றே செய்து பார்த்தார்கள். வேதமூர்த்தி வாசலில் நின்றார்.  தில்லைநாயகி அடுப்பைப் பார்த்து நின்றாள். அசையவில்லை. மெதுவாக, படத்தில் திரும்பியது போலவே தோளைத் திருப்பி, கழுத்தைத் திருப்பி, அந்தப் பெரிய கண்களால் அவரைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள், “குழம்புக்கு உப்பு போட்டேனா போடலையா?”

அடுப்பில் குழம்பே இல்லை. வேதமூர்த்திக்கு முதலில் தொண்டையிலிருந்து ஒரு விக்கல் வந்தது. பிறகு அது சிரிப்பு என்று அவருக்கே தெரிந்தது.

தினமும் செய்தார்கள். ஒருநாள் காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டு ஏதோ யோசனையில் பேசாமல் நின்றிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தோசைக்கல்லிலிருந்தே தோசையைப் பிய்த்தது. “சூடு, சூடு” என்று வாயை ஊதிக்கொண்டு வேதமூர்த்தி அவள் பக்கத்திலேயே நின்று தின்றார். அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்து அழுதாள். தோசை கருகியது. அதையும் அவர்தான் தின்றார்.

மறுநாள் நஸ்ரின் அவரிடம் கேட்டாள்: “சார், மொதல் மொதல்ல இவங்களைப் பார்த்துப் பயந்தீங்களே, அன்னைக்கு அடுப்படியில என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

“இவ முதுகைக் காட்டி நின்னா. எனக்குப் பக்குன்னுச்சு. திரும்பி, உப்பு போட்டேனான்னு கேட்டா.”

“அது படத்துல வர்றதா?”

“படமா? எங்க வீட்டுலம்மா.”

நஸ்ரின் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசனையாகவும் இருந்தாள்.

அடுத்ததாக, படம் பார்த்து இதேபோல் பயந்துகிடந்த சப்-இன்ஸ்பெக்டர் குணசீலன் வீட்டுக்குப் போனார்கள். ரவுடிகள் தெருமுனையில் அவர் மீசையைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். அவரோ தன் வீட்டு அடுப்படிக்குள் போகாமல் ஹோட்டல் பரோட்டாவில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். “தண்ணி குடிக்கக்கூட என்னைத்தாங்க கூப்பிடுறாரு. ஊருக்குத்தான் போலீசு” என்றாள் அவர் மனைவி செண்பகம். குணசீலன் லத்தியோடு வாசலில் நின்றார். தில்லைநாயகி உள்ளே மெதுவாகத் திரும்பினாள்.

“சார், பொரியலுக்குத் தேங்காய் போடுவீங்களா, மாட்டீங்களா?”

“போடுவோம்!” என்று பரேடில் பதில் சொல்வதுபோல் விறைத்து நின்று கத்தினார் குணசீலன்.  செண்பகம் சிரிக்க ஆரம்பித்தாள். நஸ்ரின் சிரித்தாள். குணசீலன் லத்தியைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஊரே கூப்பிட்டது. ஸ்ரீரங்கத்தில் அக்காரவடிசல், பாலக்கரையில் பிரியாணி, கே.கே. நகரில் கேழ்வரகுக் களி. போகிற வீட்டிலெல்லாம் அவள் அடுப்படியில் நின்றாள், திரும்பினாள், எதையாவது கேட்டாள், பிறகு நிஜமாகவே கரண்டியை வாங்கிக் கிளறினாள். வேதமூர்த்தி கடையைச் சாத்திவிட்டுக் கார் ஓட்டினார். மார்க்கெட்டில் தக்காளியைப் போட்டுவிட்டு ஓடியவரும் கூப்பிட்டார். அவர் வீட்டில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு. கார் கற்கும் பெண்கள் திரும்பி வந்தார்கள். தில்லைநாயகியின் ரவிக்கைகள் எல்லாம் தையல் பிரிக்க வேண்டியதாயிற்று.

திருவெறும்பூர் லூர்துமேரி வீடு மட்டும் வேறு மாதிரி. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். தனியாக இருந்தாள். வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

“எனக்கு எதையும் மாத்த வேண்டாங்க. நீங்க திரும்புறதுக்கு முன்னாடியே நான் கண்ணை மூடிட்டேன். நான் பார்த்தது முதுகை மட்டும்தான். அந்த முதுகு எங்க ஸ்டெல்லா அக்காவோடது. இதே உயரம். போன வருஷம்தான் தவறிப்போனா.” குரல் உடையாமல் பேசினாள். “மொதல்ல நானும் பயந்தேன். இப்ப அந்த ஞாபகத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒரு உதவி மட்டும். கொஞ்ச நேரம் அங்க நிக்கிறீங்களா? திரும்ப வேண்டாம்.”

தில்லைநாயகி நஸ்ரினைப் பார்த்தாள். நஸ்ரின் தனக்குத் தெரியவில்லை என்று தலையை அசைத்தாள். தில்லைநாயகி போய் அடுப்பைப் பார்த்து நின்றாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. லூர்துமேரி மெல்லிய குரலில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யாதது, யாரோ கேக் வெட்டியது, மாதுளைச் செடி பூத்தது. சொல்லச் சொல்ல அவள் குரலில் சிரிப்பு ஏறியது. தில்லைநாயகிக்குப் பதில் சொல்ல நாக்குத் துடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அசையாமல் நின்றாள். இந்தத் தடவை அது நடிப்பு இல்லை.

“போதுங்க்கா” என்று லூர்துமேரி தெளிவாகச் சொன்னாள். “இது போதும்.”

திரும்பி வரும்போது பால்பண்ணை தாண்டியும் தில்லைநாயகி பேசவில்லை. வேதமூர்த்தி பயந்துபோய், “நாயகி, எதையாவது பேசேன்” என்றார். “ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க” என்றாள் அவள்.

தை பிறந்ததும் லால்குடியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இந்திராணி என்பவள் புது வீடு கட்டியிருந்தாள். “பால் காய்ச்சுறோம். எங்க அடுப்படியில மொதல்ல நீங்கதான் நிக்கணும்” என்று போனில் உரிமையாகச் சொன்னாள். யார் வீடு என்று தில்லைநாயகிக்குப் பிடிபடவில்லை. போன வீடுகள் கொஞ்சமா?

வாசலில் வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கியது. இந்திராணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “மறக்காம வந்தீங்களே! பழைய வீட்டுக்கு நீங்க வந்த நேரம்தான், எங்களுக்கு எல்லாம் கூடிவந்துச்சு.”

“அந்தப் படம் பார்த்து ரொம்பப் பயந்தீங்களா?” என்று நஸ்ரின் கேட்டாள்.

“நாங்க பேய்ப்படமே பார்க்க மாட்டோங்க. எங்க வீட்டுக்காரருக்கு ஆகாது.”

நஸ்ரின் தில்லைநாயகியை ஓரமாக இழுத்துப் போனாள். “அக்கா, இவங்க பட்டையே கட்டினதில்ல. படம் பார்க்காதவங்க வீட்டுக்கு நாம போகவும் இல்ல. யாரோ சொல்லிக் கேட்டிருக்காங்க. கேட்டதே நடந்ததா ஆகிடுச்சு. பட்டை இல்லாமலே பரவுது.”

“கெடுதலா டாக்டர்?”

“தெரியலக்கா. பயம் பரவினப்போ கெடுதல்னு சொல்லத் தெரிஞ்சுது. இதுக்கு என்ன பேர்னு தெரியல.”

“அப்ப உண்மையைச் சொல்லிடறேன். பொய்யா ஒரு வீட்டுல பால் காய்ச்சக் கூடாது.”

அடுப்படியில் கூட்டமாக உறவுக்காரர்கள் நின்றார்கள். தில்லைநாயகி தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “இந்திராணி, நான் உங்க பழைய வீட்டுக்கு வந்ததே இல்லம்மா. நீங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டு இருக்கீங்க.”

இந்திராணி விழுந்து விழுந்து சிரித்தாள். “பாருங்க, மறந்தே போச்சு! எங்க மாமனாருக்கு ஜுரம், வாய்க்கு எதுவும் பிடிக்கல. நீங்க வந்து மிளகு ரசம் வச்சீங்க. தாளிக்கப் போறப்போ கறிவேப்பிலை இல்ல...”

இல்லை என்று சொல்லத்தான் தில்லைநாயகி வாயைத் திறந்தாள். “பின்வீட்டு மாடியிலேர்ந்து ஒரு அம்மா பறிச்சுப் போட்டாங்க” என்று வந்தது. “பாதி உங்க தலையில விழுந்துச்சு.”

“அதேதான்! கமலா மாமி!” என்று இந்திராணி கையைத் தட்டினாள். மாமனார் தூணோரத்திலிருந்து, “அந்த ரசத்துலதான் எந்திரிச்சு உட்கார்ந்தேன்” என்றார்.

தில்லைநாயகி தீக்குச்சியை உரசினாள். பால் பொங்கியது. எல்லோரும் குலவையிட்டார்கள்.

பந்தியில் நஸ்ரின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, நிஜமா போனீங்களா?” என்று கேட்டாள்.

“தெரியலையே டாக்டர்.” தில்லைநாயகி யோசித்துப் பார்த்தாள். “ரசம் நல்லா வந்துச்சு. அது மட்டும் நல்லாத் தெரியுது.”

நஸ்ரின் பாயசத்தை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குனிந்து, “அன்னைக்கு நான் உங்ககூட வந்திருந்தேனா?” என்றாள்.

தில்லைநாயகி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

“வராம? புளி கரைச்சதே நீங்கதானே.”

“ஆமாமா, இந்தப் பொண்ணுதான்” என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த இந்திராணி, நஸ்ரினின் இலையில் இன்னொரு வடையை வைத்தபடி. “கொஞ்சம் கெட்டியாத்தான் கரைச்சுடுச்சு. ஆனா பரவால்ல.”